ஆறிலிருந்து ஏழு வரை திறந்திருக்கும்

சாயங்காலம் ஆறு மணிக்குப் புத்தகம் படிக்கும் ரீடரைச் சார்ஜில் சொருகி, 'வைஃபை வழியாகப் பெறு' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டால் அவளுக்கு அன்றைய பொழுது முடிந்தது. பல் செட் செய்யும் லேபில் காலை ஒன்பதிலிருந்து மெழுகிலும் பிளாஸ்டரிலும் ஊறிய விரல்கள் அவை. அதற்குப் பிறகு ஒரு பாத்திரம் அரிசி, ஒரு கரண்டி பருப்பு. அடுப்பைப் பார்த்தபடி ஒரு மணி நேரம். பிறகு படுக்கையில் சாய்ந்து புத்தகம். பேச ஆளில்லாத வீட்டில் படிப்பதற்கு நேரம் கொட்டிக் கிடந்தது.

ரீடரைத் தம்பிதான் வாங்கி அனுப்பியிருந்தான். கண்ணாடியைத் தேடித் தேடிச் சலித்துப்போன அக்காவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் கருவி. கூடவே வந்த ஒயர் முதல் மாதமே எங்கேயோ தொலைந்தது. கடையில் வாங்கிய ஒயர் சார்ஜ் மட்டும் ஏற்றியது, ஒரு புத்தகத்தையும் ஏற்ற மறுத்தது. "ஒயரை விடுக்கா, வைஃபைல அனுப்பிக்கலாம்" என்று தம்பி போனிலேயே வழி சொல்லிக் கொடுத்தான். ரீடரின் திரையில் புள்ளி புள்ளியாக ஓர் எண் வரும். அதை அப்படியே லேப்டாப்பில் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். ரீடருக்குள் இருப்பதெல்லாம் அங்கே பட்டியலாகத் தெரியும். வேண்டியதை இழுத்துப் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும். அணைத்துப் போடும்போது சில சமயம் எண் மாறிவிடுவதால், ஆறு மணிக்குப் போட்டதை ஏழு மணி வரை அணைக்காமல் விடுவது அவள் வழக்கமாகிவிட்டது.

அந்தக் கட்டடத்தில் தளத்துக்கு ஐந்து அறைகள். எல்லாம் ஒற்றை அறை வாடகைக்காரர்கள். அவளுடைய மூன்றாம் தளத்தில் முதல் அறையில் புதிதாகக் கல்யாணமான ஜோடி. இரண்டில் துணிக்கடைக் காவலர். மூன்றில் ஓய்வுபெற்ற சர்வேயர். நான்கில் அவள். ஐந்தில் டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுக்கும் பெண். படியேறும்போதுகூட, கற்றுக்கொள்கிறவர்களில் யாராவது ஒருவரைப் போனில் பிடித்து, "கிளட்ச்! கிளட்ச்சை ஏன் விட்ட? இன்னிக்கு அந்த லாரிக்காரன் நல்லவன், பொழச்ச!" என்று கத்திக்கொண்டே போவாள். அதனால் தளம் முழுவதற்கும் அவள் கிளட்ச் அக்கா. கதவை அவள் சாத்தினால் நான்காம் அறைச் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும்.

இவளுக்குப் 'பல் மேடம்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். வந்த புதிதில் ஒரு நாள் படிக்கட்டில் நிறுத்தி, "என்ன பல் மேடம், நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே. ஸ்டாக் இல்லையா?" என்று கேட்டாள். காவலர் பெரிதாகச் சிரித்துவிட்டார். இவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. அன்றிலிருந்து ஐந்தாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் தலையசைப்பு மட்டும்தான்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை, ரீடரின் பட்டியலில் அவள் போடாத ஒரு கோப்பு இருந்தது. பெயர்: 'மன்னிக்கவும்'.

திறந்தாள். பத்து வரிகூட இல்லை.

'தெரியாமல் இந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். நீங்கள் யாரென்று தெரியாது. இதே வைஃபையில் இருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரிகிறது. இதற்குப் பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதைச் சொல்லத்தான் இதை வைக்கிறேன். உங்கள் பட்டியலில் நான் படித்து அழுத புத்தகம் ஒன்று இருக்கிறது. இன்று காலை ஆற்றுப் பாலத்தில் ஒருவர் தான் நனைந்துகொண்டு நாய்க்குக் குடை பிடித்து நின்றார். உங்களிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.'

அவளுக்கு முதலில் திக்கென்றது. யாரோ பூட்டாத அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது போல. உடனே அணைத்துவிட்டாள். மறுநாள் லேபில் ஒரு வாத்தியாருக்கு மேல்வரிசைப் பற்களை மெழுகில் அடுக்கும்போது, அந்த நனைந்த மனிதரும் குடைக்குள் நின்ற நாயும் மனதில் வந்து வந்து போனார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கை தானாகவே அந்தக் கட்டத்தைத் தொட்டது.

இப்போது தெரிந்தே திறந்து வைத்தாள்.

பதிலும் எழுதினாள். 'நாயின் நிறம் என்ன?' என்று ஒரே வரி. அந்த அறைக்கு வந்த நாலு வருஷத்தில், சம்பள வேலைக்காக இல்லாமல் அவள் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல்.

'பாலில் டீத்தூள் கம்மியாகப் போட்ட நிறம்' என்று பதில் வந்தது.

அதிலிருந்து இரண்டு மாதம். ஆறிலிருந்து ஏழுக்குள் ஒரு கோப்பு வரும். அவளும் ஒன்று வைப்பாள், மறுநாள் அது படிக்கப்பட்டதற்கு அடையாளமாகப் பதில் இருக்கும். அந்தப் பக்கத்து ஆள் எப்போதும் தெருக்களைப் பற்றியே எழுதினார். சிக்னலில் சைக்கிளை நிறுத்தாமல் தூக்கிக்கொண்டு நடந்தவர், திருப்பத்தில் தினமும் ஒரே கல்லின்மேல் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டும் பள்ளிச் சிறுமி. எழுத்து அடக்கமாக, சத்தமே இல்லாமல் இருக்கும். இவள் பல்லைப் பற்றி எழுதினாள். பல்லின் வெள்ளை ஒரே வெள்ளை இல்லை என்று. வயதானவர்கள் வந்து பால் போல் பல் கேட்பார்கள். அப்படியே செய்து மாட்டினால் வாய் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும், அதனால் கொஞ்சம் மஞ்சளும் ஒரு மயிரிழைக் கீறலும் தான் சேர்ப்பதாக எழுதினாள். 'யாருக்கும் தெரியாத அந்தக் கீறலைப் போடும்போதுதான் எனக்கு வேலை பிடிக்கும்.'

இதை எழுதுவது மூன்றாம் அறை சர்வேயர்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். தெருவை அளந்தவர் தெருவைப் பார்ப்பார். காலையில் கேன்வாஸ் ஷூவும் கையுமாகக் கிளம்புகிறவர். காற்றுக்கு வலிக்குமோ என்பது போல் மெதுவாகப் பேசுகிறவர். மனைவி இல்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவார், அந்த ஒதுங்கலில்கூட ஒரு வாக்கியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. லேபுக்குப் போகும் சாதாரண நாளிலும் புடவைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டு, திட்டி முடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. அதை அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

எழுத்தில்கூடச் சொல்லவில்லை. நெல்லிக்காய் அளவு, விழுங்கினால் மேலும் கீழும் போகும். ஊசி வைத்துப் பார்த்தார்கள். பாதி தைராய்டை எடுத்துவிட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் கொஞ்ச நாள் குரல் கம்மலாம், நூற்றில் ஒருவருக்குக் கம்மியபடியே நின்றும் போகலாம் என்றார். பேசுவதற்கு ஆள் இருந்தால்தானே குரலைப் பற்றிக் கவலை என்று அவள் நினைத்தாளே தவிர, வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஒரு தடவை தன் பெயரைத் தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவத்தை மெயிலில் அனுப்பியது. போனில் எறும்பெழுத்து. ஒரு வியாழக்கிழமை, அன்றைய பதில் கோப்போடு சேர்த்து அதையும் பழக்க தோஷத்தில் ரீடருக்குள் இழுத்துப் போட்டாள். எழுத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். 'உடன் இருப்பவர் பெயர், உறவுமுறை, தொலைபேசி. இது நிரப்பப்படாமல் அனுமதி இல்லை.' அங்கே நெடுநேரம் நின்றாள். கடைசியில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுப் படிவத்தைத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் வந்த கோப்பில் தெருவே இல்லை.

'உங்கள் ஆஸ்பத்திரிக் காகிதம் பட்டியலில் தெரிகிறது. நான் திறக்கவில்லை. ஆனால் கோப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே என்ன ஆபரேஷன் என்று முழுசாகச் சொல்லிவிடுகிறது, உங்கள் பெயரோடு. இந்த வைஃபையில் பதினொரு கருவிகள் இருக்கின்றன. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.'

உடம்பெல்லாம் கூசிப்போயிற்று அவளுக்கு. திறந்திருக்கிறது என்று தெரிந்து திறந்து வைத்தவள் அவள்தான். ஆனால் பூங்கொத்து வைக்கும் மேசையிலேயே மறந்துபோய் உள்ளாடையையும் வைத்துவிட்டது போல் இருந்தது. படிவத்தை அழித்தாள். அந்தக் கோப்பையும், இரண்டு மாதக் கோப்புகளையும் சேர்த்து அழித்தாள். அணைத்தாள். சர்வேயர் அன்று படிக்கட்டில் ஒதுங்கி வழிவிட்டபோது அவள் தலையை நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் வந்தான். பெரிய கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கிற வேலை அவனுக்கு.

"என்னக்கா, முகம் ஏன் உப்பிப்போயிருக்கு?"

"தூங்கி எழுந்தேன். ஏன்டா, அந்த ரீடருக்குள்ள வெளியாளு எட்டிப் பார்க்க முடியுமா?"

"ஏன் கேக்குற?"

"சும்மா."

"நீ சும்மா எதையும் கேக்க மாட்டியே. உங்க வைஃபை பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"மாடிப்படி பக்கத்துல ஓனர் ஒட்டி வெச்சிருக்கார்."

"ஒட்டி... எங்க?"

"செவத்துல. எல்லாரும் வந்து வந்து கேக்கறாங்கன்னு பெரிய எழுத்துல."

தம்பி நெற்றியில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். "செவத்துல ஒட்டின பாஸ்வேர்டு. ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்கக்கா."

"அப்ப சொல்லாத."

"தமாஷ் இல்லக்கா. நீ அந்தப் பக்கத்தைத் தெறந்து வெச்சிருக்கற வரைக்கும் அந்த வைஃபைல இருக்கற யார் வேணும்னாலும் உள்ள வரலாம். பார்க்கலாம், எடுத்துக்கலாம், அழிக்கலாம். எதையாவது போட்டுட்டும் போகலாம். போற வழியிலயும் எதையும் மூடி அனுப்பறதில்ல. கவர்ல போடாத தபால் கார்டு மாதிரி."

"தெரிஞ்சும் எதுக்குடா அப்படிச் செஞ்சு விக்கிறாங்க?"

"சுலபமா இருக்கணுமில்ல. பூட்டு வெச்சா ஒவ்வொரு தடவையும் சாவி தேடணும். உன்னை மாதிரி ஆளுங்க ரெண்டாவது நாளே தூக்கிப் பரண்ல போட்டுடுவாங்க. தொறந்து வெச்சா சவுகரியம், ஆனா பயம். பூட்டி வெச்சா பயமில்ல, ஆனா தொல்லை. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். ரீடர்ல 'அமைப்பு'ன்னு இருக்கும், அதுல போ, பாஸ்வேர்டுன்னு ஒண்ணு இருக்கும் பாரு."

அந்த மந்தமான திரையில் ஒவ்வொரு எழுத்தும் கண் சிமிட்டிவிட்டுத்தான் விழுந்தது. பன்னிரண்டு எழுத்து வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான். பாதியில் ஒன்று தப்பாகி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"நம்ம பழைய நாயோட பேரையே வெச்சுட்டா என்னடா?"

"அதான் நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி கூப்பிடுவியே. வேற சொல்லு."

ஒரு வழியாக முடிந்தது. "இனிமே ஒரு ஈ காக்கா உள்ள நுழையாது" என்றான் தம்பி, வீட்டுக்கே வந்து தாழ்ப்பாள் மாட்டிக் கொடுத்த திருப்தியோடு. பின்னாலிருந்து அவன் மனைவி முனகும் சத்தம் கேட்டது. எட்டு மாதம். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "கால் ரெண்டும் வீங்கிக்கிடக்குக்கா. தண்ணி எடுக்கக்கூட நான்தான். ஆபீஸ்ல லீவெல்லாம் தீர்ந்துபோச்சு. நீ எப்படி இருக்க? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கென்னடா. கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். நீ போய் அவளைப் பாரு."

தம்பி சொன்னது பலித்தது. ஓர் ஈ காக்காகூட நுழையவில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தவள் அப்புறம் எண்ணுவதை விட்டாள். ஆறு மணிக்கு ரீடரைச் சார்ஜில் சொருகி, பன்னிரண்டு எழுத்துப் பூட்டோடு ஏழு மணி வரை வைத்திருந்தாள். அவள் போட்ட புத்தகங்கள் மட்டும் அவள் போட்ட வரிசையில் இருந்தன. சாதம் குழைந்தது, ஒரு நாள் அடி பிடித்தது. பாலத்தில் அந்த நாய் இப்போது எப்படி இருக்கிறதோ என்று கேட்க ஆளில்லை.

பத்தாம் நாள், புதன்கிழமை மத்தியானம், லேபில் பாலிஷ் மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி கிளார்க்.

"திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு உங்களுக்கு ஆபரேஷன் போட்டிருக்கும்மா. படிவத்துல கூட வர்றவங்க பேரு இல்லையே?"

"தனியா வந்தா ஆகாதுங்களா?"

"ஆகாதும்மா. மயக்கம் குடுக்கறோம், கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும். ரெண்டு நாள் கூட இருக்கணும். வீட்ல யாருமே இல்லையா?"

அந்த 'யாருமே'வில் குத்தல் எதுவும் இல்லை. பாவம், நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிறவள்.

"இருக்காங்க" என்றாள் இவள். "நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்கம்மா. இல்லன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும், அப்புறம் ரெண்டு மாசம் ஆகும். டாக்டர் தள்ளிப் போடக் கூடாதுன்னு எழுதியிருக்கார், பார்த்துக்கங்க."

போனில் இருந்த பெயர்களை முதலிலிருந்து கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். லேப் முதலாளி. பல் டாக்டர்கள் ஆறு பேர். கேஸ் சிலிண்டர்காரர். தம்பி. தம்பி மனைவி. அவளுக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கவே தம்பி வேண்டும். சொன்னால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவான், அதுதான் பயம்.

சாயங்காலம் படியேறியதும் நேராக மூன்றாம் அறைக் கதவைத் தட்டினாள். யோசித்தால் தைரியம் போய்விடும்.

சர்வேயர் கதவைத் திறந்தார். உள்ளே ரேடியோவில் யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா? கரண்ட் போச்சா?"

"இல்ல சார். நான்தான்... நாலாம் அறை. அந்தப் பாலத்துல குடை..."

"குடையா? என்னுது இதோ இருக்கே."

"இல்ல சார், வைஃபைல நீங்க எழுதி..."

"வைஃபையா?" சர்வேயர் கையை உதறினார். "எனக்கு அந்தச் சங்காத்தமே வேணாம்னு ஓனர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேனே. எனக்கு ரேடியோ போதும்மா. யாராவது என் பேர்ல ஏதாவது எழுதிட்டாங்களா?"

"காலைல நடக்கப் போவீங்களே சார், ரோட்ல..."

"முட்டி வலிக்கு மொட்டை மாடியில நாலு சுத்து. ரோட்டுக்கு யார் போவா, நாய் துரத்தும்." அவர் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "என்னம்மா, கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"தூசி சார்."

தன் அறைக்குள் வந்து கதவை மூடிக்கொண்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன்பே அது வேறாக மாறிவிட்டது. இரண்டு மாதம் ஒரு மனிதருக்காகப் புடவைக்கு இஸ்திரி போட்டிருக்கிறாள், அவருக்கு உரத்தைப் பற்றிய கவலை. சரி, சர்வேயர் இல்லை. பின்னே யார்? ஒவ்வொரு கதவாகத் தட்டி, 'நீங்கள்தானா, நீங்கள்தானா' என்று கேட்க முடியாது. அந்த ஆள் இருக்கும் இடத்துக்கு அவளுக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான். அதற்குப் பூட்டுப் போட்டிருந்தாள்.

ஆறு மணி ஆயிற்று. ரீடரைச் சார்ஜில் சொருகினாள். அமைப்புக்குள் போய்ப் பாஸ்வேர்டை எடுத்தாள். போடுவதற்கு அரை மணி ஆனது, எடுப்பதற்கு ஒரே தொடுகை.

எழுதுவதற்கு லேப்டாப்பைத் திறந்தவள் நிறுத்தினாள். அந்தப் பக்கத்து ஆள் தனக்கென்று வைக்காத கோப்பைத் திறக்காதவர். ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் திறக்காமல் விட்டவர், பூட்டுப் போட்ட பிறகு இதையும் திறக்காமலே போய்விடலாம். பட்டியலில் கண்ணில் படும் பெயரிலேயே சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னால் இதே வைஃபையில் இருக்கும் மற்ற பத்துக் கருவிகளும் பார்க்கலாம். புதுக் கல்யாண ஜோடி சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கலாம், காவலர் கடையில் போய்ச் சொல்லலாம். தம்பிக்குத் தெரிந்தால் நெற்றியில் கை வைத்துக்கொள்வான்.

வெற்றுக் கோப்பு ஒன்றைச் செய்து அதற்குப் பெயர் வைத்தாள்: 'எனக்கு இங்கே எழுதியவருக்கு, திங்கள் காலை ஆபரேஷன், கூட இருக்க ஆள் இல்லை, வர முடியுமா, அறை 4.'

இழுத்துப் போட்டாள். போய்ச் சேர்ந்தது. பட்டியலில் எல்லாப் புத்தகங்களுக்கும் மேலே அது நின்றது.

ஆறு பத்து. ஆறேகால். லேப்டாப்பில் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தாள். முதல் அறையில் மிக்ஸி ஓடி நின்றது. காவலர் விசில் அடித்தபடி கீழே இறங்கினார். அடுப்பைப் பற்ற வைக்கத் தோன்றவில்லை. ஆறரை. அழித்துவிடலாமா என்று விரல் போயிற்று. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று ஒத்திப்போட்டாள். படிக்கட்டில் வழக்கமான கத்தல், "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு, உன் மூஞ்சிய இல்ல!" ஐந்தாம் அறைக் கதவு சாத்திய வேகத்தில் காலண்டர் ஆடிற்று. பக்கெட் உருண்டது.

ஆறு ஐம்பதுக்குப் பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தது.

'வர்றேன்.'

அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லை, அதுவும் வெற்றுக் கோப்பு. அவள் எழுந்து கதவைத் திறந்தாள். ஐந்தாம் அறை வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், கையில் போனோடு கிளட்ச் அக்கா நின்றிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

"நீங்களா?" என்றாள் இவள்.

"நான்தான்." கிளட்ச் அக்கா தரையைப் பார்த்தாள். "திட்றதுன்னா உள்ள வெச்சுத் திட்டுங்க. காரிடார்ல வேணாம், அந்தப் புதுப் பொண்ணு காதை வெச்சுக்கிட்டு நிக்கும்."

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"வைஃபை மெதுவா வருதுன்னு ஒரு நாள் யாரெல்லாம் இருக்காங்கன்னு பார்த்தேன். என்கிட்ட கார் கத்துக்கற ஒரு கம்ப்யூட்டர்காரர்தான் அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்லிக் குடுத்தார். ரீடர்னு ஒண்ணு இருந்துது. தொட்டேன், தொறந்துக்கிச்சு. நீங்கன்னு சத்தியமா தெரியாது. பல்லைப் பத்தி எழுதினீங்க பாருங்க, அப்பதான் தூக்கிவாரிப் போட்டுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? படியில பார்த்தா கசப்பு மருந்து குடிச்ச மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க. நான்னு தெரிஞ்சா நிறுத்திடுவீங்க. எனக்கு நாள் பூரா கத்தற பொழப்பு மேடம். கத்தாம பேச அந்த ஒரு எடம்தான் இருந்துது." மூக்கை உறிஞ்சினாள். "பத்து நாளா தெனம் ஆறு அம்பதுக்குத் தட்டிப் பார்த்தேன். பாஸ்வேர்டு குடுன்னுது. செவுள்ல விட்ட மாதிரி இருந்துது."

"அது உங்களுக்காகப் போட்டது இல்ல."

"பதினோரு பேருக்கும் போட்டதுல என் தலையிலயும் விழுந்துதே."

பேசியே பழகாத இருவர் எழுத்தில் சிநேகமாகிவிட்டு நேரில் உட்கார்ந்தால், முதலில் கைகளை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. இவள் அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று ஒரு கணம் தடுமாறினாள்.

"பெரிசா?" என்று கேட்டாள் கிளட்ச் அக்கா, கழுத்தைத் தொட்டுக் காட்டி.

"நெல்லிக்காய்."

"காட்டுங்க." பார்த்தாள். "எங்க ஊரு நெல்லிக்காயா? இது எலந்தப்பழம். இதுக்கா இவ்ளோ பாடு?" சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதை இவள் பார்த்தும் பார்க்காதது போல் பருப்பைக் கழுவினாள்.

மறுநாள் காலை, லேபுக்குக் கிளம்பும் முன் இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். கிளார்க் பெயரைக் குறித்துக்கொண்டு, "உறவுமுறை?" என்றாள்.

இவள் போனைக் கையால் மூடினாள். "என்ன உறவுன்னு கேக்கறாங்க."

"அக்கான்னு சொல்லுங்க."

"எனக்கு நாப்பத்தாறு."

"அட, எனக்கு நாப்பத்து நாலு. அப்பத் தங்கச்சின்னு போடச் சொல்லு. பல்லு போன கெழவர்கூட என்னை அக்காங்கறார். ஒருத்தியாவது தங்கச்சின்னா நல்லாத்தான் இருக்கும்."

'சொல்லுங்க' எப்போது 'சொல்லு' ஆயிற்று என்று இருவரும் கவனிக்கவில்லை.

படியிறங்கும்போது முதல் அறைப் புதுப் பெண் எதிரே வந்தாள். "லேபுக்கா மேடம்?" என்றாள். கண்கள் ஒரு கணம் இவள் கழுத்தில் நின்று நகர்ந்தன. தெரிந்து பார்த்தாளா, சும்மா பார்த்தாளா? இனி எந்த நாளும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. திறந்து வைத்ததற்கு அது விலை. இவள் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, "ஆமாம்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னாள். தம்பிக்குச் சொல்லாவிட்டால் கூட வரமாட்டேன் என்று கிளட்ச் அக்கா வாசலில் நின்றுவிட்டதால் சொன்னாள். தம்பி வெகுநேரம் திரையில் அசையாமல் இருந்தான். லைன் போய்விட்டதோ என்று பார்த்தால், அழுதுகொண்டிருந்தான்.

"கூட யாருக்கா இருப்பா?"

"தங்கச்சி."

"நமக்கு ஏதுக்கா தங்கச்சி?"

"பாஸ்வேர்டை எடுத்துட்டேன்டா" என்றாள். அவனுக்கு அது புரியவில்லை. இப்போது திட்டும் நிலையிலும் அவன் இல்லை. "பயப்படாத. ஆஸ்பத்திரிக் காகிதம் எதையும் அதுல போடறதில்ல. ஆறுலேருந்து ஏழு வரைக்கும்தான்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டிரைவிங் ஸ்கூல் கார் வாசலில் நின்றது. கற்றுக்கொள்கிறவர் ஓட்டும்போது கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்து நிறுத்த, இடதுபக்க இருக்கையின் முன்னாலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். அதில்தான் இவளை உட்கார வைத்தாள். மடியில் துணிப்பை.

"காலை மட்டும் பார்த்து வெச்சுக்கோ. அது நெஜ பிரேக். பயந்து மிதிச்சா நடு ரோட்ல நின்னுடுவோம்."

"எங்க வைக்கறது?"

"எங்கயாவது. தூக்கிக்கோ."

வழியில் அந்தப் பாலம் வந்தது. இவள் இருபுறமும் பார்த்தாள். குடைக்காரரும் இல்லை, நாயும் இல்லை. பால் வண்டி ஒன்று மட்டும் போயிற்று. தங்கச்சி கண்ணை ரோட்டிலேயே வைத்திருந்தாள். சத்தம் போடாமல் ஓட்டினாள். அவள் சத்தம் போடாததே இவளுக்குப் பயமாக இருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் இவள். கேட்கும்போதே தன் குரலைக் கவனித்தாள். இப்போதைக்கு நன்றாகத்தான் இருந்தது.

"எனக்கென்ன பயம்? வெட்டிக்கப் போறது நீ."

ஆஸ்பத்திரித் திருப்பம் வரை இவள் இரண்டு கால்களையும் பிரேக்கில் படாமல் தூக்கியே வைத்திருந்தாள்.